ஆடி அல்ல, பங்குனி

போன வாரம் அல்சூர் மார்க்கெட்டில் புதுப்புளி வாங்கினேன். ஓடு மட்டும் நீக்கியிருந்தார்கள். கொட்டையும் நாரும் அப்படியே இருந்தன. வீட்டில், "கொட்டை எடுத்ததே பாக்கெட்ல கிடைக்குதே, இதை யார் உட்கார்ந்து உரிக்கிறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பையைத் திறந்ததும் வந்த வாசனையில் நான் தொம்மலூருக்குப் போய்விட்டிருந்தேன்.

தொண்ணூற்று எட்டோ ஒன்பதோ. தொம்மலூரின் பழைய ஊர்ப்பகுதியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். பெங்களூரில் அச்சாகிவந்த ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்துவது என் வேலை. பிழையையே பார்த்துப் பழகியவனுக்கு ஒரு கர்வம் வந்துவிடும். சாம்பார் ருசிப்பதற்கு முன்பு ஓட்டல் பலகையில் 'சாம்பர்' என்று எழுதியிருப்பது கண்ணில் படும். எனக்கும் அந்த நோய் இருந்தது.

கீழ்வீட்டில் கோவிந்தண்ணனும் முனியம்மா அக்காவும் இருந்தார்கள். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் தோட்டக்காரர். திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கல்யாணம் முடித்து, பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள். மகன் சேகர் கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகப் போய்க்கொண்டிருந்தான். அவன் ஆபீசில் யாருக்காவது கல்யாண நாள் என்றால் கேக் வெட்டுவார்களாம். அப்பா அம்மாவுக்கும் இருபத்தைந்து வருஷம் ஆகிறது, நாமும் வெட்டவேண்டும் என்று பிடித்துக்கொண்டான்.

ஒரு சிக்கல். அவர்களுடைய கல்யாணத் தேதி யாருக்கும் தெரியாது. பத்திரிகை அடிக்காத கல்யாணம். வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாக அழைத்தது. அம்மாவைக் கேட்டால், "அதுக்கெல்லாம் ஒரு நாளாடா? போய் வேலையப் பாரு" என்றார். சேகர் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, தொழிற்சாலை கொடுத்த மருத்துவ அட்டையை எடுத்துவந்தான். அதில் திருமண நாள் ஆகஸ்ட் ஒன்று என்று முத்திரையோடு இருந்தது.

ஆவணம் கிடைத்துவிட்டது. எனக்கும் அதற்குமேல் என்ன வேண்டும்? அவன் கொடுத்த வாழ்த்து விளம்பரத்தை நானே திருத்தினேன். 'வெள்ளி விழா'வில் ஒற்று மிகாது என்று உறுதி செய்துகொண்டேன். 'தம்பதியர்' சரி. போட்டோ சரி. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலையில் பேப்பர் வந்தது.

ஏழரை மணிக்கு, ஜோகுபாளையத்திலிருந்து அண்ணனின் தங்கை சரோஜா பேப்பரோடு வந்து இறங்கினார். குரல் மாடிவரைக்கும் கேட்டது.

"என்ன அண்ணி, ஆடி மாசத்துலயா உங்களுக்குத் தாலி ஏறிச்சு? அப்ப நான் வந்து சாப்ட்டது எந்தக் கல்யாணம்?"

என் மேசைக்கு மேலேயே நாட்காட்டி தொங்கியது. ஆகஸ்ட் ஒன்று, ஆடி பதினாறு. ஆடியில் தமிழ்நாட்டில் எந்த ஊரில் கல்யாணம் நடக்கும்?

நான் கீழே இறங்கியபோது அக்கா முறத்தில் அரிசியைப் போட்டு வேகமாகப் புடைத்துக்கொண்டிருந்தார். புதுப் புடவை பிரிக்காமல் கிடந்தது.

"ஓடிப் போயி அவசரத்துல கட்டிக்கினவளுக்குத்தான் ஆடியில தாலி ஏறும். ஊர்க்காரங்க அத்தனை பேரும் அந்தப் பேப்பர்தான் பாக்கறாங்க. எனக்கு எந்தக் கேக்கும் வேணாம்."

கோவிந்தண்ணன் கதவோரம் நின்றார். "ஆபீஸ்ல கன்னடக்கார கிளார்க் கேட்டாரும்மா. தெரியாதுன்னேன். ஏதாவது ஒண்ணு ஹேளப்பான்னாரு. அன்னிக்கு என்ன தேதியோ அதையே சொன்னேன்."

"பொண்டாட்டிய கட்டுன நாளு, ஏதாவது ஒண்ணா?"

"சும்னெ இரு, ஜனங்க கேக்குது" என்று அண்ணன் பாதிக் கன்னடத்தில் அடக்கினார்.

சேகர் என்னைப் பார்த்தான். பழியில் பாதி என்னுடையது என்று எனக்கே தெரியும். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, அட்டையை விடுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். புளி உலுக்கின சமயம். பந்தல் போட இடம் வேண்டுமென்று வாசலில் காய்ந்த புளியை எல்லாம் வாரி உள்ளே கொட்டினார்கள். கல்யாணப் பெண்ணை உட்கார வைத்த அறை முழுக்கப் புளி. ஊரே கேழ்வரகுக் களி தின்ற காலத்தில் அன்றைக்கு நெல்லுச்சோறு, பூசணிக்காய்க் குழம்பு, வெல்லப் பாயசம்.

"நான் எங்க சாப்ட்டேன்? கல்யாணப் பொண்ணு அள்ளி அள்ளித் தின்னக்கூடாதுன்னு எங்கம்மா தொடையில கிள்ளிக்கினே இருந்தா."

"காப்புக் கட்டினா ஊர்ல கல்யாணம் கூடாது இல்ல?" என்று சரோஜா தன்னை மறந்து சேர்ந்துகொண்டார். "பங்குனித் தேர் முடிஞ்சு காப்பு அவுத்த அடுத்த திங்கக்கிழமை, அண்ணி. பந்தல்ல அரசாணிக்காலுக்குத் தண்ணி ஊத்தினதே நான்தானே."

"அதை வாசல்ல நின்னு கத்திச் சொல்றதுதானே?"

சரோஜா பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பேப்பரில் என் கையால் எழுதியது வந்தது: 'திருத்தம். நேற்றைய இதழில் வாழ்த்துப் பெற்ற கோவிந்தன் – முனியம்மா தம்பதியின் திருமணம் ஆடியில் நடந்ததாக அச்சாகிவிட்டது. பங்குனி என்று திருத்தி வாசிக்கவும்.' செய்தி ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார், பேனாவால் அடிக்கவில்லை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சேகரை மூன்று முறை வாசிக்கச் சொல்லி, வெட்டியெடுத்து சாமி படத்தின் கண்ணாடிச் சட்டத்தில் செருகிவைத்தார். முந்தின நாள் வந்த கேக்கைச் சேகரின் பிறந்தநாள் என்று சொல்லி வெட்டியிருந்தோம். அவன் பிறந்தது ஐப்பசியில். அதற்குத் திருத்தம் போடவில்லை.

அடுத்த பங்குனியில், தேர் முடிந்த திங்கட்கிழமை, கீழ்வீட்டில் இலை போட்டார்கள். நெல்லுச்சோறு, பூசணிக்காய்க் குழம்பு, வெல்லப் பாயசம். இருபத்தாறாவது வருஷத்தில் வெள்ளி விழா. முதல் இலையில் அக்கா. பாயசம் மூன்று முறை வாங்கிக்கொண்டார். "இன்னிக்குக் கிள்ள ஆளில்ல" என்றார்.

அதன்பின் நான் அங்கே இருந்தவரை, மாசி பிறந்தால் மாடிப்படியின் கீழிருந்து அவர் குரல் வரும். "தம்பி, இந்த வருஷம் தேர் என்னிக்கு?" நான் நாட்காட்டியைப் புரட்டி, தேரையும் அடுத்த திங்கட்கிழமையையும் சொல்லுவேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு தேதி. எந்த அட்டையிலும் எழுதமுடியாத கல்யாண நாள்.

அந்த நாளிதழ் நின்றுவிட்டது. வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி ஆபீஸ் நிற்கிறது. அண்ணனும் அக்காவும் அடுத்தடுத்த வருஷங்களில் போய்ச் சேர்ந்தார்கள். சேகரின் கல்யாண நாளைப் போனே எனக்குச் சொல்லிவிடுகிறது, தப்பில்லாமல்.

புளியை நானே உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். இந்த வருஷம் தேர் ஐந்தாம் தேதி, அடுத்த திங்கட்கிழமை பத்து. கேட்க ஆளில்லை. ஆனாலும் பார்த்து வைத்தேன்.