மோர்க்கஞ்சி ஊற்றிய பிளாண்டினா

என் அப்பா ஓடில் வெர்ஸ்லைப் நாற்பத்தொரு வருடம் லெர்சேகே என்ற சிற்றூரில் சைக்கிள் பழுது பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் வரலாறு எழுதினார். சிக்கல் என்னவென்றால், ஊரில் எதுவுமே நடந்திருக்கவில்லை.

தேவாலய ஏடுகளை முழுக்கப் படித்துவிட்டு வந்து சொன்னார்: "முந்நூறு வருஷத்துல ஒரே ஒரு சம்பவம். பாதிரியாரோட பசு வாய்க்கால்ல விழுந்துச்சு. அதையும் தூக்கிட்டாங்க."

பக்கத்து ஊரான ஹூர்ப்ரூக்கிலோ இரண்டு போர், ஒரு முற்றுகை. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பிளாண்டினா கெஸ்தலூட் என்ற ஒருத்தியைக் கற்பனையில் படைத்தார். 1798இல் தேவாலய மணியைப் பிடுங்க வந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் தலையில், மணிக்கூண்டிலிருந்து கொதிக்கக் கொதிக்க மோர்க்கஞ்சி ஊற்றிய விதவை. ஊர் நம்பிவிட்டது. அவள் பெயரில் ஒரு தெரு வந்தது. ஜூன் ஊர்வலத்துக்கு, கையில் அகப்பையோடு ஒரு ராட்சதப் பொம்மையும் வந்தது. உயரம் 4.12 மீட்டர், நான் அளந்தேன். பாவாடைக்குள் நின்று அதைச் சுமந்தவர் அப்பா.

உண்மையை மருத்துவமனையில் என்னிடம் மட்டும் சொன்னார். "நீ நிலம் அளக்கிறவ. பொய் சொல்ல வராது. முயற்சி பண்ணு."

அப்பாவின் அடக்கம் முடிந்து ஊர்க் கூடத்தில் காப்பியும் ரொட்டியும் கொடுத்தோம். ஹூர்ப்ரூக்கின் வரலாற்றுக்காரர் கமீல் எதிரே வந்து உட்கார்ந்தார். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். தன் ஊர் வரலாற்றை அவர் எழுதியதே இறந்தவரின் பெயர், தொழில், வம்சம் போட்டுச் சாவுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு அட்டைகளை வைத்துத்தான். ஆறாயிரம் அட்டைகள், செருப்புப் பெட்டிகளில். அட்டை பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

"மார்லீன், உங்கப்பன் நல்லவன். ஆனா அந்தக் கஞ்சிக்காரி இருந்தாங்கிறதுக்கு ஒரு காகிதம் காட்டு. இல்லேன்னா எங்க வரலாற்றுப் பத்திரிகை ஜூன் இதழ்ல அவன் புளுகன்னு எழுதிடுவேன்."

"இன்னிக்கே கேக்கணுமா சார்?"

"உயிரோட இருந்தப்போ முப்பது வருஷம் கேட்டேன். ஸ்பேனரைக் காட்டி விரட்டினான்."

"காகிதம் உங்க சட்டைப் பையிலயே இருக்கு சார்."

தேவாலயத்தில் வாங்கிப் படிக்காமலே வைத்திருந்த அப்பாவின் அட்டையை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். சத்தமாகவே வாசித்தார்: "ஓடில் வெர்ஸ்லைப். சைக்கிள் பழுதுபார்ப்பவர். பிளாண்டினா கெஸ்தலூட்டின் ஐந்தாம் தலைமுறைப் பேரன்."

மறுபடியும் வாசித்தார்.

"போன வாரம் வரைக்கும் இது அவனுக்கே தெரியாதேம்மா!"

"ரொம்ப அடக்கமானவர் சார்."

ரொட்டித் துணுக்கு தெறிக்கச் சிரித்தார். பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. "அட்டை பொய் சொல்லாதுன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லித் தொலைச்சிருக்கேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொன்னு குடு. பெட்டிக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு."

நிலம் அளக்கும் இருபத்தாறு வருடத்தில் தெரிந்தே நான் கொடுத்த ஒரே தப்பான அளவு, அட்டையில் அச்சடிக்கச் சொன்ன அந்த ஐந்து. வீட்டுக்கு வந்ததும், பொய் பலித்ததை அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று அவருடைய சைக்கிள் பட்டறைக் கதவு வரை போய்விட்டேன்.