காரணம் எழுதும் கட்டம்

அக்காவுக்கு ஹௌமாக்காரர்கள் கிடைத்தது சீட்டுக் குலுக்கலில். அப்போது அவள் ஜொகூர் பாருவில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த விரிவுரையாளர் ஒருவர், அந்த நாட்டில் வாழும் இரண்டு சமூகங்களின் பொருளாதார நிலையை ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்று சொல்லி, பெயர்களைச் சீட்டில் எழுதி எடுக்க வைத்திருக்கிறார். தோழிகளுக்கெல்லாம் கேள்விப்பட்ட பெயர்கள் வந்தன. அக்காவுக்கு ஒரு சீட்டில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள், இன்னொரு சீட்டில் ஹௌமா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரான ரெங்கத்தில் வந்து இறங்கியவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று புலம்பினாள்.

"ஹௌமான்னா யாருன்னே ஒருத்தருக்கும் தெரியலம்மா. எனக்குன்னு பார்த்து வருது லா!"

எனக்குப் பத்து வயது. அக்கா செய்வது எதுவாக இருந்தாலும் அது எனக்கு உலகத்திலேயே முக்கியமான வேலை. மறுநாள் முழுக்க வரவேற்பறைத் தரையில் இரண்டு மணிலா அட்டைகளை விரித்துப் போட்டுக்கொண்டு அவள் எழுத, நான் பசை தடவினேன், ஓரத்தில் பச்சைக் கோடு போட்டேன், கோடு கோணலானதற்குத் திட்டு வாங்கினேன். அட்டையில் இரண்டு பத்திகள். மேலே இரண்டு சமூகங்களின் பெயர்கள். பக்கவாட்டில் நிலம், வேலை, வீடு, பள்ளி, அரசாங்க உதவி என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, மற்றதை விடப் பெரியதாக ஒரு கட்டம்: காரணம். அதற்குத்தான் மதிப்பெண் அதிகம் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற அப்பாவுக்கு வாரத்தில் அது ஒன்றுதான் ஓய்வு நாள். ஆனாலும் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். ஆங்கிலத்தில் ஒரு தரம் பேசி முடித்துவிட்டு, இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்து, அக்கா தமிழில் மறுபடியும் ஆரம்பித்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட இரண்டு கூட்டத்தாரும் அமெரிக்காவின் தெற்கே ஒரே மாநிலத்தில், கடலோரத்தில் இருப்பவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் தோட்டத்தில் அடிமைகளாகக் கரும்பு வெட்டினார்கள். ஹௌமாக்காரர்கள் அந்த மண்ணுக்கே உரியவர்கள். ஆனால் வெள்ளையர்கள் அவர்களை நல்ல நிலத்திலிருந்து தள்ளிக்கொண்டே போய்ச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் விட்டுவிட்டார்கள். அங்கே இறால் பிடித்தும் பொறி வைத்து விலங்கு பிடித்தும் பிழைத்தார்கள். பிறகு அந்தச் சதுப்புக்கு அடியில் எண்ணெய் இருப்பது தெரிந்தது. நிலம் யாருடையது என்று காட்டக் காகிதம் கேட்டார்கள். இவர்கள் பேசியது பிரெஞ்சு, காகிதம் ஆங்கிலத்தில். படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள்.

"கரும்புத் தோட்டமா? அப்ப நம்ம ரப்பர் தோட்டம் மாதிரிதான்" என்றார் அப்பா. தமக்குப் புரிந்துவிட்ட மகிழ்ச்சி அவருக்கு. அடிமையும் தோட்டத் தொழிலாளியும் ஒன்றில்லை என்று அக்கா திருத்தினாள். அப்பா தலையாட்டினார், ஆனால் விட்டுக்கொடுத்த மாதிரி தெரியவில்லை.

கறுப்பின மக்களும் ஏழைகளாகத்தான் வைக்கப்பட்டார்கள், ஆனால் அவர்களுக்கென்று மட்டமானதாகவாவது பள்ளிக்கூடம் இருந்தது, தேவாலயம் இருந்தது, தங்கள் ஆட்களே நடத்திய கல்லூரிகள் இருந்தன. போராடி ஓட்டுரிமை வாங்கினார்கள். நாட்டின் குடிமக்கள் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. வறுமை மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை என்றாள் அக்கா. ஹௌமாப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் நெடுங்காலம் சேர்க்கவேயில்லை. இப்போது அவர்களை ஒரு பழங்குடியாக மாநில அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது, மத்திய அரசு ஏற்கவில்லை. ஆதாரம் போதாதாம். அதனால் மற்றப் பழங்குடிகளுக்குப் போகும் உதவி அவர்களுக்குப் போவதில்லை. இருக்கிற நிலத்தையும் கடல் தின்றுகொண்டிருக்கிறது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அங்கயே பொறந்தவங்கதானே? பொறகு எதுக்கு ஆதாரம் கேக்கறாங்க?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பயற்றங்காய் நறுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடியும் கேட்டது. ஒத்திகை நன்றாகப் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நீல அடையாள அட்டை, அம்மாவுக்குச் சிவப்பு. அதாவது அம்மா இந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை. வேறு எந்த நாட்டுக்காரரும் இல்லை. பிறந்தது லாபிஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தகப்பன் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் போய்ச் சொல்வார். கிராணி பட்டணத்துக்குப் போகும்போது பதிந்துவிட்டு வருவார். பெரியம்மா பிறந்தபோது அப்படித்தான் நடந்தது. அம்மா பிறந்த வாரத்தில் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய கிராணி பதிந்திருப்பார் என்று புதுக் கிராணி விட்டுவிட்டார், புதுக் கிராணி பதிவார் என்று பழையவர் விட்டுவிட்டார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கைகளில் ஒருவர் குடிமகள், ஒருவர் இல்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அட்டையின் நிறம் மட்டும்தான் தெரியும். பள்ளி விளையாட்டுப் போட்டியில் சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று பிரிப்பார்களே, அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். நானே சிவப்பு இல்லம் என்பதால் அம்மாவும் என் கட்சி என்று கொஞ்சம் பெருமை வேறு.

அம்மா குடியுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. சிகாமாட்டுக்கும் குளுவாங்குக்கும் பஸ் ஏறிப்போய், ஓய்வு பெற்ற கிராணியைத் தேடி, பிள்ளைப்பேறு பார்த்த அம்மாளின் மகளைத் தேடி, பழைய தோட்டத்துப் பெயர்ப்பட்டியலைத் தேடி அலைந்திருக்கிறார். அந்த நாட்களில் என்னிடம், "பசாருக்குப் போய்ட்டு வர்றேன்" என்பார். பசாருக்குப் போனவர் ஏன் வெறுங்கையோடு வருகிறார் என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். மீன் வாங்கி வராத நாட்களில் எனக்குச் சந்தோஷம், அதனால் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா அட்டைகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரமே பள்ளியில் காஜியான் தெம்பாத்தான் பாடத்தில் எங்களுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். நம்மைச் சுற்றியுள்ள ஊரையும் மக்களையும் பற்றிப் படிக்கிற பாடம் அது. மற்றப் பிள்ளைகள் ரயில் நிலையத்தை வரைந்தார்கள், கோயிலை வரைந்தார்கள். நான் அக்காவின் தங்கை ஆயிற்றே! ஒரு மணிலா அட்டை வாங்கி, நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் 'என் பெரியம்மா', மறு பக்கம் 'என் அம்மா' என்று தலைப்புப் போட்டேன்.

கட்டங்கள் தாமாகவே நிரம்பின. பெரியம்மாவுக்குக் குளுவாங்கில் மாடி வீடு, எங்களுக்கு மலிவு விலைத் தரை வீடு. பெரியம்மா தொழிற்சாலைப் பேருந்தில் சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்கிறார். அம்மா சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். பெரியம்மாவிடம் வெளிநாடு போகக் கடப்பிதழ் இருக்கிறது, அம்மாவிடம் இல்லை. அடையாள அட்டை: நீலம், சிவப்பு. அந்த இரண்டு சொற்களையும் அந்தந்த நிறத்திலேயே எழுதினேன். பார்க்க மிகவும் அழகாக இருந்தது.

கடைசிக் கட்டம்தான் தகராறு செய்தது. காரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்குத்தான் மதிப்பெண் அதிகம் என்று வேறு தெரியும். அக்கா வருவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, அட்டையைக் கொடுக்கவோ ஒரு நாள்தான் இருந்தது. அம்மாவிடம் கேட்டால் பெரியவர்கள் விஷயம் என்பார். அன்று பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா தேநீர் கலக்க உள்ளே போன சமயம் பார்த்து மெல்லக் கேட்டேன்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. என் பள்ளிச் சீருடையெல்லாம் அவர் வாங்கித் தந்ததுதான். ஆனால் கிடைத்துவிட்டவர்களுக்கு, கிடைக்காதவர்கள் ஏதோ செய்யாமல் விட்டதாகவே தோன்றும் போலிருக்கிறது.

"அதெல்லாம் வயசுல ஓடியாடி செஞ்சிருக்கணும், பாப்பா. உங்கம்மா அசட்டையா இருந்துட்டா" என்றார்.

இதை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது என்று, இலக்கணச் சுத்தமாக மாற்றி எழுதினேன்: 'என் பெரியம்மா முயற்சி செய்தார். என் அம்மா அசட்டையாக இருந்துவிட்டார். முயற்சி செய்யவில்லை.' இன்றைக்கும் அந்த வரி நினைவுக்கு வந்தால் எனக்கு முகம் சுடுகிறது.

ஆசிரியை ஒரே மூச்சில் முப்பது அட்டைகளைத் திருத்தியவர். என்னுடையதில் கோடுகளையும் நிறங்களையும் பார்த்திருப்பார். பெரிய நட்சத்திரம் போட்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உள்ள அறிவிப்புப் பலகையில், நடுவிலேயே ஒட்டிவிட்டார்.

தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாளன்று அம்மா கோயிலுக்குக் கட்டுகிற மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். என் தேர்ச்சி அறிக்கைக்கு இவ்வளவு அலங்காரமா என்று எனக்குப் பூரிப்பு. அம்மாவின் கைப்பையில் ஒரு பழுப்பு உறை இருந்ததை நான் அறியவில்லை. உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் இருந்தது புதிய மனு. அம்மா இங்கேயே வளர்ந்தவர், குடியுரிமைக்காக ஆண்டுக்கணக்கில் விடாமல் முயன்று வருபவர் என்று ஊரில் மதிப்புள்ள இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கோயில் தலைவர் போட்டுவிட்டார். இன்னொன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்கலாம் என்று அப்பாவும் அம்மாவும் பல நாள் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

வகுப்பில் அறிக்கையை வாங்கியதும் நான் அம்மாவின் கையைப் பிடித்து நேரே பலகைக்கு இழுத்துப்போனேன். அங்கே ஏற்கனவே நான்கைந்து தாய்மார்கள் நின்றிருந்தார்கள். அம்மா தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மேலிருந்து ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்தார். மாடி வீட்டில் புன்னகைத்தார். சிவப்பு எழுத்தில் ஒரு கணம் நின்றார். பக்கத்தில் இருந்த ஒரு தாய் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தார். தங்கமான மனிதர், குழந்தைகளைப் பாராட்டுவதில் குறையே வைக்கமாட்டார்.

"வாங்கம்மா, உங்க மக வேலதான் இது. நம்ம பள்ளிக்கூடத்துலயே இப்படி யாரும் செஞ்சதில்ல" என்றவர், கடைசிக் கட்டத்தையும் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, முயற்சியே செய்யலியாமே நீங்க? மக போட்டுக் குடுத்துட்டாளே!"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். அவருடைய கை கைப்பைக்குள் பாதி போயிருந்தது. அதை மெதுவாக வெளியே எடுத்து, கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"வேற ஏதாவது பார்க்கணுமாம்மா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"இல்லங்க சார். ரிப்போர்ட் கார்டு வாங்கிட்டோம். சும்மா பார்த்துட்டுப் போலாம்னு" என்றார் அம்மா.

அந்த மனு அந்த வருடம் போகவில்லை. அப்பா வேறொருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது, பழைய மனுப் பாரங்கள் செல்லாது, புதிதாக எழுதிக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம் கழித்துத்தான் அம்மாவுக்கு நீல அட்டை வந்தது. தாமதம் முழுவதற்கும் நானே காரணம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரே ஒரு கட்டத்தில் எழுதிவிட்டுப் போகிற காரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வருடம் என்னால் போனது.

அன்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தோம். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ரயில் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் பாதி தூரம் வந்ததும் கேட்டார்.

"அக்கா அந்த அமெரிக்கா ஆளுங்களுக்கு என்ன காரணம் எழுதுனா?"

எனக்கு எல்லாம் மனப்பாடம். "நெலத்தப் புடுங்கிட்டாங்க, பள்ளிக்கூடத்துல சேர்க்கல, ஆதாரம் போதாதுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு கூட்டத்து மேலயும் தப்பே இல்லன்னு எழுதுனாம்மா" என்று ஒப்பித்தேன்.

அம்மா கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "நல்லா எழுதியிருக்கா" என்றார். அதன் பிறகு, "நம்மளோடதையும் அவகிட்டயே குடுத்து எழுதச் சொல்லியிருக்கலாம், பாப்பா" என்றார்.

என் கையெழுத்து அக்காவுடையது போல அழகாக இல்லை என்றுதான் அம்மா வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை பென்சிலில் கோடு போட்டுவிட்டு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.