கேதீஸ்வரி டீச்சருக்குக் கோபம் வந்தால்

வீட்டு வாசல் கேற்றில் குடைப்பிடி விழும் சத்தம் கேட்டால் பாண்டிருப்பின் அந்த ஒழுங்கைக்கு ஞாயிறு விடிந்துவிட்டது என்று பொருள். "லதுர்சன்! இன்னும் படுக்கையா? பிள்ளையாரே குளிச்சு உடுத்திற்று இரிக்காரு, உனக்கென்ன நோவு?" அடுத்த கேற். "வினோஜா! அந்தப் போனக் கட்டில்ல வச்சிற்று வா. நீ வருமட்டும் அது சாகாது." உள்ளே ஒரு தாய் மெதுவாக, "டீச்சர், இண்டைக்கு விஞ்ஞான ரியூசன் இரிக்கி" என்று இழுப்பாள். அவ்வளவுதான். குடை ஒழுங்கையில் நின்றுவிடும். விஞ்ஞானத்தையும், அதைப் படிப்பிக்கிறவரையும், அந்தத் தாயையும், அவள் கையில் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பையையும் சேர்த்து ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் கேதீஸ்வரி அடுத்த வீட்டுக்குப் போவார்.

ஐம்பதை எட்டப்போகிறவர். கிழமை நாட்களில் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் அபுல் ஹஸன் என்பவரின் புடவைக்கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுப்பார். ஞாயிறு காலை மட்டும் வெள்ளைச் சேலை உடுத்தி, ஒரு சிறிய பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடக்கும் அறநெறிப் பாடசாலையில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். எந்தக் கோயில் என்று கேட்க வேண்டாம். சொன்னால் வீண் சண்டை வரும். கடைக்கு வருகிறவர்களிடம் அபுல் ஹஸன், "எங்கட கடையில ஒரு டீச்சரும் இரிக்கா, விலை குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, தெரியும்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அவருக்குக் கோபம் வர ஆள் வேண்டியதில்லை. கோயில் வீதியில் வீசிய ஐஸ்கிறீம் கோப்பை போதும். சாமி தூக்கும்போது செல்பி எடுக்கும் இளந்தாரி போதும். "நல்லாப் படி, டொக்டராகு" என்பதைத் தவிரப் பிள்ளையிடம் கதைக்க வேறு பேச்சில்லாத தகப்பன் என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் உடைந்தே போயிற்று. அதைக் கட்டச் சொன்ன பல் வைத்தியரோடும் சண்டை.

ஆனால் பிள்ளைகள் அவரைத் தேடித்தான் வருகிறார்கள். பாடப்புத்தகத்தை அவர் பாதி நேரம் திறப்பதே இல்லை. வகுப்பு தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளையாக எழும்ப வேண்டும். கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கிழமை உன்னால ஆருக்கு என்ன பிரயோசனம்?" நாலு பாட்டு மனப்பாடம் செய்தேன் என்றால், "அது உனக்குப் பிரயோசனம். இரி." அம்மாவுக்கு மீன் வெட்டிக் கொடுத்தேன் என்றால் தலையாட்டுவார். பக்கத்து வீட்டுக் கிழவரோடு பொழுதுபட இருந்து கதைத்தேன் என்று ஒருவன் சொன்னபோது, "பாத்தியளா? சமயம் எண்டா இதுதான். மத்ததெல்லாம் சோடினை" என்றார். சாமிக்கு முன்னால் மேல் கீழ் கிடையாது, பிரயோசனமான ஆள், பிரயோசனமில்லாத ஆள் என்று இரண்டு சாதிதான் என்பது அவருடைய முடிந்த முடிவு. அதைக் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தார்.

அந்தக் கோட்டில்தான் இந்த முறை தடக்கி விழுந்தார்.

அந்தக் கோயிலில் குடி முறை உண்டு. குடி என்றால் கோயிலில் உரிமையுள்ள வம்சம். திருவிழா குடிக்கொரு நாள். கடைசி நாள் பூசையில் தீபம் காட்டி முடிந்ததும் பிள்ளைகளில் ஒருவர் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று பஞ்சபுராணம் பாட வேண்டும். அதன் பிறகே வெற்றிலையும் பழமும் வைத்த காளாஞ்சித் தட்டை எடுத்து, குடிப்பெயரை வரிசையாகக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பாட்டு இல்லாமல் காளாஞ்சி இல்லை. இந்த வருசம் பாடுவதற்குக் கேதீஸ்வரி தெரிவு செய்தது டிலக்சனாவை. அவள் வாய் திறந்தால் மண்டபத்துப் புறாவும் அசையாது. ஆனால் டிலக்சனாவின் குடும்பத்துக்கு அந்தக் கோயிலில் குடி கிடையாது. அவளுடைய அப்பப்பா ஒரு காலத்தில் சாவீடுகளுக்குப் பறை அடிக்கப் போனவர். தகப்பன் ஓட்டோ ஓட்டுகிறார். ஊரே அவருடைய ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அப்போதெல்லாம் குடியை ஒருவரும் விசாரிப்பதில்லை.

திருவிழாவுக்கு முந்திய கிழமை, கோயில் நிருவாகத்துக்குப் பொறுப்பான வண்ணக்கர் கந்தப்போடி மண்டபத்துக்கு வந்தார். நல்ல மனிதர். கெட்ட காரியத்தை இனிமையாகச் செய்யத் தெரிந்தவர்.

"பெட்ட நல்லாத்தான் பாட்டுப் படிக்கிறாள், ஆர் இல்லெண்டது? ஆனா உள்ளுக்க நிண்டு படிக்கிறது குடிப்பிள்ளையள்தானே புள்ள. அவள் பின்னேரம் கலை நிகழ்ச்சியில படிக்கட்டும். பூசையில எங்கட லக்சியா படிக்கட்டும்."

லக்சியா அவருடைய பேத்தி. அதே வகுப்புப் பிள்ளை.

"ஐயா, நான் புள்ளயளுக்குப் படிப்பிச்சது அப்பிடி இல்ல."

"படிப்பு வேற, முறை வேற. இஞ்ச பாரு புள்ள, ஞாயித்துக்கிழம இந்த மண்டபத்த ரியூசனுக்குக் கேட்டு ஒருத்தர் நாயா அலையிறாரு. உன்ட வகுப்புக்காகத்தான் நான் புடிச்சு வச்சிரிக்கன்."

ஊரில் எல்லாரையும் கேற்றில் வைத்துக் கிழிக்கும் கேதீஸ்வரி அன்றைக்கு, "சரி ஐயா" என்றார். டிலக்சனாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னபோது அவள் அழவில்லை. "ஓம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பாயைச் சுருட்டினாள். அவள் அழுதிருந்தால் அதட்டியாவது தப்பியிருக்கலாம்.

மறுநாள் கடையில் கத்தரிக்கோல் துணியை வெட்டவில்லை, கடித்தது. ஒரு உம்மாவின் அபாயாத் துணி கோணலாகப் போயிற்று. அபுல் ஹஸன் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

"என்ன டீச்சர், சீல என்ன குத்தம் செஞ்ச?"

கேதீஸ்வரி எல்லாவற்றையும் கொட்டினார். கேட்டுவிட்டு அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"வாப்பாட காலத்தில எங்கட பள்ளிவாசல் நிருவாகத்திலயும் குடிக்கொரு மரைக்கார்தான் டீச்சர். எல்லா இடத்திலயும் உள்ளதுதான். உடுங்க. வகுப்பு நடந்தாப் போதும்தானே?"

கேதீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதுதான். இன்னொரு வாயிலிருந்து கேட்கும்போது அது நாறியது. "என்னத்த நடந்து, ஹஸன் நானா?" என்று கத்தினார். "ஒரு புள்ளய வெளிய தள்ளிப்போட்டு மத்தப் புள்ளயளுக்கு அறம் எண்டு என்னத்தச் சொல்லிக் குடுக்கிற? வாய் கூசாதா?" சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இறங்கிப் போய்விட்டார்கள். அபுல் ஹஸன் கோணல் துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

திருவிழாவுக்காகப் பின்னேரங்களிலும் ஒத்திகை நடந்தது. வழக்கம்போல் கேள்வியோடு தொடங்கினார். லக்சியாவின் முறை வந்தது. அவள் எழும்பி நின்று, தாத்தாவின் அதே நீண்ட மூக்கோடு டீச்சரை நேரே பார்த்தாள்.

"டீச்சர், இந்தக் கிழமை உங்களால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

டிலக்சனா குனிந்து கால் நகத்தைப் பார்த்தாள். அதட்ட வாயைத் திறந்த கேதீஸ்வரி துடைக்கும் துணியை எடுத்தார். கரும்பலகையை அழித்தார். "எல்லாரும் வீட்ட போங்க" என்றார். தான் வீட்டுக்குப் போகாமல் வெறும் மண்டபத்தைக் கூட்டினார், கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார். அந்தக் கோபத்துக்குத் திட்ட ஒரு ஆள் அகப்படவில்லை. அகப்பட்ட ஒரே ஆள் தும்புத்தடி பிடித்துக்கொண்டு நின்றது.

கடைசி நாள் பூசைக்கு ஊரே கூடியது. குடித் தலைவர்கள் சால்வையை இடுப்பில் கட்டி, மார்பில் சந்தனத்தோடு முன்வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் அறநெறிப் பிள்ளைகள், பக்கத்தில் டீச்சர். டிலக்சனா தாயோடு வெளியே கொடிமரத்தடியில். உள் வாசலுக்கு நேரே நின்றதால் கேதீஸ்வரிக்கு அவள் முகம் தெரிந்தது. தெரியாதிருந்தால் நல்லது என்றிருந்தது.

தீபம் காட்டி முடிந்தது. மேளம் நின்றது. குருக்கள் திரும்பிப் பார்த்து, "பஞ்சபுராணம்" என்றார். ஒலிவாங்கியை லக்சியாவிடம் நீட்டினார்கள்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"படி மகள்" என்றார் கந்தப்போடி. அவள் அசையவில்லை. "படி எண்டுறன்!" ஒலிவாங்கி பக்கத்துப் பிள்ளைக்குப் போயிற்று. வினோஜா தலையைக் குனிந்தாள். லதுர்சன் கூரையைப் பார்த்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பிள்ளைகளும் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசிவைத்த மாதிரித் தெரியவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குருக்கள் பொறுமையிழந்து மணியை எடுத்தார், வைத்தார்.

கந்தப்போடியின் முகம் கறுத்துவிட்டது. இந்த முறை குரலில் இனிமை இல்லை. "கேதீஸ்வரி, நீ படி. படிச்சு முடி. மண்டபம் வேணுமா வேணாமா உனக்கு?"

ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது. அந்தப் பாட்டுகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயைத் திறந்தால் போதும், பூசை நடக்கும், ஞாயிறும் நடக்கும். பிள்ளைகள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

கேதீஸ்வரி ஒலிவாங்கியை வண்ணக்கரின் கையிலேயே திருப்பி வைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பூசை நேரம், ஊரே நிற்க, பிள்ளையாருக்கு நேரே நடு வழியில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். பிறகு கொடிமரத்தடியைப் பார்த்து, தனக்குப் பக்கத்தில் இருந்த வெறுந்தரையைக் கையால் தட்டினார்.