செந்துறையில் தமின்ஜோ

செந்துறையில் காய்கறிகள்கூட ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை. கத்தரிக்காய்க்கு ஒரு சட்டி, அவரைக்கு ஒரு சட்டி, கீரைக்கு ஒரு சட்டி. ரங்கூனில் பிறந்து வளர்ந்து, சண்டைக்குப் பயந்து கப்பலேறி, புருஷன் ஊரென்று இங்கே வந்து இறங்கிய எனக்கு முதலில் சிரிப்பு மூட்டியது இதுதான். பர்மாவிலிருந்து வந்த நம்மவர்களுக்குப் புரியும். அங்கே எங்கள் தெருமுனையில் மா சேன் என்ற பர்மாக்காரி, மிஞ்சிய சோறு, மிஞ்சிய காய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, தீ எகிற எகிறப் புரட்டுவாள். தமின்ஜோ என்று பேர்; கரண்டியால் அள்ளித் தின்பது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வாசனைக்கு என் கால் தானாக நின்றுவிடும். இங்கே அதைச் சொன்னால், "மாட்டுக்குக் கழனி கலக்குற மாதிரியில்ல இருக்கு?" என்பார் மாமியார்.

என் நாத்தனார் செல்லத்தைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். காலையிலேயே இலை போட்டு விருந்து. செல்லத்துக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அவரோ வாயே திறக்கவில்லை. "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "சொல்லி அனுப்பறாங்களாம் அத்தை!" என்று நான் மாமியாரிடம் சந்தோஷத்தில் கூவினேன். அவர்கள் தெரு திரும்பியதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "வாணாம்ங்கறதத்தான்டி அப்படிச் சொல்லுவாங்க!" செல்லம் மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதாள்.

பெட்ரோல் இல்லாமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. அரியலூர் பஸ் புகை விட்டதே தவிர நகரவில்லை. வெயில் சாயும் நேரத்தில் மூவரும் பசித்த முகத்தோடு எங்கள் வாசலிலேயே வந்து நின்றார்கள். பஸ் சரியானால் ஹாரன் அடிப்பார்களாம், ஓடவேண்டும். உலை வைக்க ஏது நேரம்? மூலையில் அரைக் கத்தரிக்காய், முற்றாத வெண்டை கொஞ்சம், பூசணிக் கீற்று, வாடிய அவரை. விருந்தில் மிஞ்சித் தண்ணீர் ஊற்றிவைத்த சோறு.

"தண்ணி ஊத்துன சோத்தையா வந்தவங்களுக்கு வைக்கிறது? மானம் போயிரும்!"

"நீங்க போய்ப் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருங்க அத்தை."

சோற்றைப் பிழிந்து முறத்தில் பரப்பினேன். காய்களைத் தீக்குச்சி போல நறுக்கினேன். தட்டையான இருப்புச்சட்டியில் நல்லெண்ணெய், பூண்டு, வெங்காயம், மிளகாய். முதலில் அவரை, பிறகு மற்றவை, கடைசியில் சோறு. செல்லம் அழுத முகத்தோடு சோளத்தட்டையை அடுப்பில் திணிக்க, தீ கூரையைப் பார்த்து எகிறியது. "அண்ணி, வூடே எரியப்போவுது!" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இது என்ன சோறும்மா?"

"தமின்ஜோங்க."

"தம்பிச்சோறா?" அவர் மகனைப் பார்த்தார். "தம்பிக்குன்னே தனியா ஒரு சோறா! இவ்ளோ மரியாத எங்க ஊர்ல எவன் செய்வான்?"

திருத்த வாயெடுத்தேன். கதவோரம் மறைந்து நின்ற செல்லம் என் முதுகில் கிள்ளினாள். அப்போதுதான் ஊமைபோல இருந்த மாப்பிள்ளை, கதவோரத்தைப் பார்த்துப் பேசினார்: "இன்னுங் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க."

தூரத்தில் ஹாரன் அடித்தது. யாரும் எழவில்லை. "அடிக்கட்டும்" என்றார் அப்பா, இலையை வழித்தபடி. "சொல்லி அனுப்புறது என்ன, இப்பவே சொல்றேன். வெத்தல பாக்கு எடுத்தாங்க!" மாமியார் என்னைக் கட்டிக்கொள்ள ஓடிவந்து, என் கையிலிருந்த சட்டி சுட்டு அலறினார். அலறிக்கொண்டே சிரித்தார்.

கல்யாணம் அரியலூரில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அண்டா நிறையத் தம்பிச்சோறு கிளறியிருந்தார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என்னிடம் பரிவோடு சொன்னார்: "நல்லா சாப்புடு தாயி. நீ பர்மாக்காரி, ஒனக்குத் தெரியாது. எங்க பக்கத்துல மாப்பிள்ளைக்கு இதத்தான் போடுவோம், வழிவழியா."

"அப்படிங்களா?" என்றேன். சிரிப்பை அடக்கியதில் புரையேறியது. வலது கை சோற்றைப் பிசைந்து உருட்டியது. இடது கை மட்டும், தன்பாட்டுக்கு, ரங்கூன் வழக்கத்தில் இலையோரம் கரண்டியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது.