மங்கல் படமே போகும்

ஹாலியா கோஸ்ட்யுக் பிடிவாதக்காரி என்று கனடாவின் வினிப்பெக் நகரத்தில் அவள் துறையில் எல்லோருக்கும் தெரியும். டாஃபின் ஊர்ப் பக்கம் கனோலா எண்ணெய்வித்து விளைவிக்கும் விவசாயியின் மகள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தத் தலைநிமிர்வு அவளிடம் உண்டு, இருக்கத்தானே செய்யும்!

லென்ஸ் இல்லாமல் படம் எடுப்பது அவள் வேலை. உலர்ந்த ஈஸ்ட் செல்மேல் எக்ஸ்ரே பாய்ச்சுவார்கள். அது சிதறி விழுந்த புள்ளிகளை வைத்து, செல் எப்படி இருந்திருக்கும் என்று கணினி ஊகித்து ஊகித்துப் படம் கட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு குருட்டு ஊகத்தில்தான் தொடங்கும், அதனால் படமும் தடவைக்குத் தடவை கொஞ்சம் மாறும். வந்தவற்றில் அழகானதை எடுத்துக் காட்டிவிடுவது சிலர் பழக்கம்.

குழுத் தலைவர் ப்ரென்ட் லோவனும் அப்படி ஒன்றை எடுத்தார். செல்லுக்குள் மயிரிழைபோல் ஒரு சுவர் தெரிந்தது. பெரிய எக்ஸ்ரே நிலையத்தின் கருவியில் மேலும் நேரம் கேட்கும் விண்ணப்பத்தில் அதைப் போடச் சொன்னார். நேரம் கிடைக்காவிட்டால் ஹாலியாவின் வேலையும் நீளாது.

அவள் கணினியை மறுபடி மறுபடி ஓட்டினாள். செல்லின் வெளிவிளிம்பு அசையவில்லை. சுவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் இடம் மாறியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே வெறும் மங்கல்தான்.

"இந்தச் சுவரு செல்லுல இல்ல ப்ரென்ட், கம்ப்யூட்டர் கட்டினது."

"அப்ப இன்னும் கொஞ்சம் எக்ஸ்ரே பாய்ச்சு, தெளிஞ்சிடும்."

"மூணாவது தடவையே செல் சுருங்கிப் போச்சு. கம்மியா பாய்ச்சினா தெரியாது, கூட்டினா பாக்கறதுக்கு செல்லே இருக்காது. இது நம்ம கைல இல்ல."

"மங்கல் படத்துக்கு எவன் நேரம் குடுப்பான்?"

"குடுக்காட்டி போறான். சுவரோட போச்சுன்னா என் பேரை எடுத்துடுங்க."

அந்தக் குழுவில் கணினிப் படம் கட்டத் தெரிந்தவள் அவள்தான்; அவள் பேர் இல்லாமல் விண்ணப்பம் நிற்காது. எல்லா ஓட்டமும் ஒத்துக்கொண்ட மங்கல் படமே போனது.

நேரம் கிடைக்கவில்லை.

"என்ன ஹாலியா, கண்ணாடி மாத்தணுமா?" என்றான் பக்கத்து அறை டெவன், காபிக் கோப்பையோடு.

"மாத்தினா செத்த செல் எழுந்து வருமா? போய் வேலயப் பாருடா."

ஞாயிற்றுக்கிழமை ஊரில் அப்பா அவள் போனைத் தூரத்தில் பிடித்து அந்த மங்கல் படத்தைப் பார்த்தார். "இதுக்காம்மா இத்தன வருஷம் படிச்ச?"

"ஆமாப்பா. இதுக்கு மேல தெரியலன்னு தைரியமா சொல்றதுக்குத்தான்."

அவள் வேலைக்காலம் முடிவதற்குள் இன்னும் ஒரு விண்ணப்பச் சுற்று மிச்சமிருந்தது. அதற்கும் அதே படத்தைத்தான் அனுப்பினாள். இந்தத் தடவை இடம் மாறிய சுவர்களையும் வரிசையாக ஒட்டி, கீழே எழுதினாள்: 'இவற்றில் எது உண்மை என்று நீங்களே சொல்லுங்கள்.'