பேரிகைக் கூட்டமும் நான் முன்கூட்டியே அனுப்பிய செய்தியும்

தலைவர் பேசி முடித்துவிட்டார். மக்கள் ஆரவாரம் செய்துவிட்டார்கள். செய்தியும் சேலம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைவர் மட்டும் இன்னும் பேரிகை ஊருக்குள் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது விளங்காது. எங்கள் பத்திரிகையில் கிருஷ்ணகிரி மாவட்டப் பக்கம் சாயங்காலமே முடிந்துவிடும். தலைவர்களோ சொன்ன நேரத்துக்கு எங்கேயும் வந்ததில்லை. ஓசூரில் காலையில் பேசியதைத்தானே பேரிகையிலும் பேசப்போகிறார் என்று முன்கூட்டியே செய்தியை, எங்கள் பாஷையில் 'காப்பி'யை, எழுதி அனுப்பிவிடுவோம். 'வழிநெடுக உற்சாக வரவேற்பு' என்பதை என் செல்போனே அடித்துக்கொள்ளும். நான் பக்கத்தில் இருந்தால் போதும்.

அது சட்டமன்றத் தேர்தல். முதல்வர் வேட்பாளரான தலைவரின் பிரசார வேனுக்குப் பின்னால் வரும் பத்திரிகையாளர் வண்டியில் எனக்கும் ஓர் இடம். ஏசி, தண்ணீர் பாட்டில், பிரியாணி. வண்டிக்குப் பொறுப்பு சதீஷ் என்ற கட்சிக்காரர். யார் ஏறலாம், யார் இறங்கவேண்டும் என்பதெல்லாம் அவர் கையில்.

பேரிகை மைதானத்தை மூங்கில் கட்டித் தடுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். ரோஜாத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களை மத்தியானமே மினி லாரிகளில் ஏற்றிவந்து உள்ளே நிறுத்தி, வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். தலைவர் வரும்போது கேமராவில் மைதானம் காலியாகத் தெரியக்கூடாது. நிழல், மேடைக்கும் எங்களுக்கும் மட்டும்.

ஒரு தடுப்பில் திடீரென்று கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், மயங்கி விழுந்த ஒரு பெண்ணை மூங்கிலுக்கு மேலாகத் தூக்கி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி யாரும் உத்தரவு தரவில்லையாம். வந்த மினி லாரியிலேயே அவரை ஏற்றினார்கள். நானும் பின்னாலேயே சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். உயிர் இல்லை.

அவர் பெயர் லட்சுமம்மா. கணவர் முனிராஜ், உதிரிபாகக் கம்பெனித் தொழிலாளி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே சதீஷ் வந்துவிட்டார்.

"அண்ணே, அந்தம்மாவுக்கு ஏற்கெனவே ஹார்ட் ப்ராப்ளமாம். வீட்லயே முடியாமத்தான் இருந்திருக்காங்க. நீங்க அனுப்புனது அப்படியே இருக்கட்டும்."

முனிராஜ் காதில் விழுந்துவிட்டது. "யாருக்குய்யா ஹார்ட்டு? காலைல களி கிண்டி வெச்சிட்டு ரோஜா வெட்டப் போனவ அவ!" பிறகு என்னிடம் திரும்பினார். "பேப்பர்காரரா சார்? எங்க விழுந்தாள்னு எழுதுங்க, அது போதும். ஊட்ல செத்தாள்னு ஆக்கிறாதீங்க. தண்ணிக்கு வெளிய உடுங்கன்னு கேட்டாளாம், கயித்தை அவுக்கலையாம்."

அப்போதுதான் நான் அனுப்பியிருந்த 'உற்சாக வரவேற்பு' ஞாபகம் வந்தது. அவசரத்தில் சேலத்துக்கு அடிப்பதாக நினைத்து கேஸ் ஏஜென்சிக்கு அடித்துவிட்டேன். சிலிண்டர் பதிவானது. இரண்டாவது முறைதான் சேலம் அலுவலகத்தின் செய்தி டெஸ்க் கிடைத்தது.

"சார், பேரிகைக் காப்பிய எடுத்துடுங்க."

"ஏன்யா, தலைவர் வரலியா?"

"கூட்டத்துல ஒரு பொம்பளை செத்துட்டாங்க சார்."

"பக்கம் பிளேட்டுக்குப் போவுதுய்யா! அந்த எடத்துல என்னத்த வெக்கிறது, உன் மூஞ்சியவா?"

"வெச்சுக்கங்க சார். ஆனா எடுத்துடுங்க."

"சாவு சேதிய இப்பவே தர்றியா?"

"போலீஸ்ல இன்னும் பதியல சார்."

"அப்ப நாளைக்குத்தான்" என்று வைத்துவிட்டார்.

அதே நேரம் மைதானத்து ஒலிபெருக்கி சுகாதார நிலையம்வரை கேட்டது. தலைவர் வந்துவிட்டார். கன்னடத்தில் ஒரு நமஸ்காரம், தெலுங்கில் ஒரு நலம் விசாரிப்பு, பிறகு தமிழ். என் காப்பியில் இருந்த வரிசைப்படியே பேசினார். கைதட்டலும் நான் எழுதிய இடத்திலேயே வந்தது. முனிராஜ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பேப்பரில் என் செய்தி இல்லை. அந்த இடத்தில் தலைவரின் விளம்பரம், கைகூப்பிச் சிரித்தபடி.

அதற்கடுத்த நாள் ஒற்றைப் பத்தியில் சின்னதாக வந்தது: பொதுக்கூட்ட மைதானத்தில், கயிறு கட்டிய தடுப்புக்குள், தண்ணீர் கேட்டும் வெளியே விடப்படாமல். முனிராஜ் போன் செய்தார். "எடத்தைச் சரியா போட்டிருக்கீங்க சார்."

அன்றைக்கே பத்திரிகையாளர் வண்டியில் ஏறப்போனேன். "வண்டி ஃபுல்லுண்ணே" என்றார் சதீஷ். மிச்சத் தேர்தலை என் ஸ்கூட்டரில், பிரசார வேனின் புகையைக் குடித்துக்கொண்டே முடித்தேன்.

இப்போதெல்லாம் கூட்டத்துக்குப் போனால், முதலில் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்கிறேன். தலைவர் பேசுவதை வீட்டிலிருந்தே எழுதிவிடலாம்.