இரட்டை ஊசி அச்சு

நாற்பத்தாறு வயதாகியும் அவரைச் சின்னவர் என்றுதான் கூப்பிட்டார்கள். தலை பாதி நரைத்துவிட்டது, முன்பல் ஒன்று போய்விட்டது, ஆனாலும் சின்னவர். கடையில் பெரியவன் ஒருத்தன் உட்கார்ந்திருக்கும்வரை அடுத்தவன் சின்னவன்தானே, என்ன செய்வது.

அது கத்திக் கடை. சமையலறைக் கத்தி அல்ல. காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற கத்தி. மடக்குகிற ரகம் கிடையாது. ஒரே இரும்பு, பிடியின் அடிவரை ஓடும். முன்மேசை அண்ணன்காரனுடையது. வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, கத்திகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்து வாங்குவான். எதைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் தயங்குகிறதோ அதுதான் உங்கள் கத்தி என்பான். பிறகு வந்தவர் கேட்ட மரத்தில், அவர் உள்ளங்கைக்குத் தக்க பருமனில் பிடியை இழைத்து மாட்டுவான். அலகில் தன் பெயரைப் பெரிதாகப் பொறிப்பான். கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. வாய்தான் விஷம்.

சின்னவர் பின்னறையில் உறை தைத்தார். தோலை நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியின்மேல் போட்டு, அது கத்தியின் உருவத்தையே வாங்கிக்கொள்ளும்வரை எலும்புத் துண்டால் அழுத்தித் தேய்ப்பார். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்துத் தைப்பார். அதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. கத்தியின் கூர் படுகிற ஓரத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு தோல் பட்டையை வைப்பார். உள்பட்டை என்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. அது இல்லாவிட்டால் கத்தி போய் வரும்போதெல்லாம் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஒருநாள் தையலைப் பிளந்துகொண்டு தொடையில் இறங்கிவிடும். உறை கொஞ்சம் தடிக்கும்தான். மெலிசாக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் சின்னவர், வேறு கடை பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார். அவர் ஒருவரிடம் முடியாது என்று சொல்கிற ஒரே இடம் அதுதான்.

பாவம், வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கத்தியில் அண்ணன் பெயர் இருப்பதுபோல, உறையின் பின்பக்கத்தில், இடுப்புவார் நுழைகிற இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தனக்கென்று ஒரு சின்ன அச்சு. ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு ஊசிகள். கடை ஆரம்பித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் மூக்குடைபட்டுத் திரும்பினார்.

ஒருமுறை கடை நிறைய ஆள் இருக்கும்போது அண்ணன்காரன் சொன்னான்: "உறைங்கறது கத்தி போட்டிருக்க ஜட்டிடா. ஜட்டியில எவனாவது கையெழுத்துப் போடுவானா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூலையில் நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்த சின்னவரின் மனைவியும் குனிந்துகொண்டு சிரித்தாள். சின்னவரும் சிரித்து வைத்தார். உடம்பெல்லாம் எரிந்தது, என்றாலும் சிரித்தார். கடைக்கு மேலே அவர்கள் குடியிருந்த இரண்டு அறையும் அண்ணனுடையவை அல்லவா.

ஒரு மழைக்காலத்தில் சின்னவருக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் மேலே கிடந்தார். தேறி, தள்ளாடிக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது அண்ணன்காரன் ஒரு சின்ன இரும்பு அச்சை நீட்டினான். முனையில் இரண்டு ஊசிகள், குறுக்கும் நெடுக்குமாக, அவர் கேட்டபடியே.

"நீ படுத்திருந்தப்ப செய்யச் சொன்னேன். மலை வழிகாட்டி ஒருத்தர் அவசரம்னாரு, நானே தைச்சுக் குடுத்துட்டேன். உன் அச்ச அதுலதான் முதல்ல அடிச்சேன். அழகா விழுந்துச்சுடா."

சின்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. தான் தைக்காத உறையில் தன் அச்சா என்று ஒரு நெருடல் வரத்தான் செய்தது. உள்பட்டை வைத்தாயா என்று கேட்க வாய் வரை வந்தது. இவ்வளவு பெரிய மனசோடு கொடுக்கிறவனிடம் அதைப் போய்க் கேட்பதா என்று விழுங்கிக்கொண்டார். அன்று அதை மனைவியிடம் எத்தனை முறை காட்டினாரோ தெரியாது. அவளும் நல்லாருக்கு நல்லாருக்கு என்று சொல்லி அலுத்துப்போனாள். அதன்பிறகு தைத்த உறை ஒவ்வொன்றிலும், ஈரம் காயுமுன்னே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அடி.

ஒருநாள் காலையில் அண்ணன்காரன் மாடிக்கு வந்தான். வராதவன் வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான், சன்னலைத் திறந்து மூடினான். நல்ல காற்றோட்டம், யாராவது குடும்பத்துக்கு விட்டால் உடனே வருவார்கள் என்றான். சின்னவர் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். அவர் மனைவி விடவில்லை. கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றாள்.

மதியம் அந்த மலை வழிகாட்டி வந்தார். ஊன்றுகோலோடு வந்தார். வருவதாக முதல் நாளே போன் செய்து அண்ணன்காரனிடம் சொல்லியிருந்திருக்கிறார். ஒரு பாறையில் வழுக்கி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கத்தி உறையைப் பிளந்துகொண்டு தொடையில் இறங்கிவிட்டது. நரம்பு போய்விட்டது, இனி மலை ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ரத்தம் காய்ந்து கறுத்த உறையை மேசையில் போட்டார். மெலிசாக வேண்டும் என்று கேட்டது நான்தான், ஆனால் தொழில் தெரிந்தவன் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டாமா என்றார். பின்பக்கம் திரும்பிக் கிடந்தது உறை. இரண்டு ஊசிகள் பளிச்சென்று தெரிந்தன.

"இது யாரு தைச்சது?"

சின்னவர் உறையை விரித்துப் பார்த்தார். உள்பட்டை இல்லை. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் கொடுக்காத அச்சை அந்த வாரம் ஏன் கொடுத்தான், முதல் அடியை இந்த உறையில் ஏன் அடித்தான் என்பதெல்லாம் ஒரே நொடியில் உறைத்தது. அட பாவி!

"நான் தைக்கலங்க. பட்டை வெக்காம நான் தைக்கவே மாட்டேன். அன்னைக்கு நான் காய்ச்சல்ல மேல கெடந்தேன்," என்றார்.

அண்ணன்காரன் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. காய்ச்சலோடு இறங்கி வந்து தைத்தான், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், அவனுக்கே நினைவில்லை போலிருக்கிறது என்று வருத்தமாகச் சொன்னான். பிறகு மூலையைப் பார்த்துத் திரும்பினான்.

"இல்லையாம்மா?"

சின்னவரும் மனைவியைப் பார்த்தார். அவர் நெற்றியில் ஈரத் துணி போட்டபடி அந்த நாட்களெல்லாம் பக்கத்திலேயே இருந்தவள் அவள். உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே சாட்சி.

அவள் மெழுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா மாமா. நாந்தான் கைத்தாங்கலா எறக்கிக் கூட்டிட்டு வந்தேன்."

வழிகாட்டி சின்னவர் பக்கம் திரும்பினார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. "ரெண்டு ஊசி போட்ட உறையைத் தொடாதீங்கன்னு எங்க ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். இப்ப மூஞ்சியும் தெரிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனார். கதவைப் பிடித்துக்கொள்ள அண்ணன்காரன் ஓடினான்.

திரும்பி வந்தவன், தயாராக இருந்த உறைகளையெல்லாம் பெட்டியோடு கொண்டுவந்து பின்னறையில் வைத்தான். அச்சு வெளியே தெரியக்கூடாது என்றான். தோலில் ஒருமுறை விழுந்த அச்சு சுரண்டினால் போகாது, பள்ளம் நிற்கும். மேலே ஒரு துண்டுத் தோல் வைத்து ஒட்டுப்போட வேண்டும். சின்னவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டுப்போட ஆரம்பித்தார். கொஞ்சநேரம் கழித்து அவர் மனைவியும் நூலை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் அவரால் பொறுக்க முடியவில்லை. "ஆமான்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாமே. கைத்தாங்கலான்னு ஏன் சொன்ன?"

"வெறும் ஆமாவ எவன் நம்புவான்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கல்யாணம் ஆன நாளா அச்சு, அச்சுன்னு அவர் முன்னாடி போய் நின்னீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நமக்குன்னு தனியா ஒரு வீடு வேணும்னு கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தா இன்னைக்கு நானும் நெசத்தச் சொல்லியிருப்பேன்."

சின்னவர் ஒட்டுப்போட்ட உறையைக் கீழே வைத்தார். அவள் பெட்டியிலிருந்து அடுத்த உறையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.